காட்டெருமை டீச்சரும் கேள்வி கேட்ட கீரியும்

வேங்கைக் காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் ஒரு பள்ளி இருந்தது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை ஒரு காட்டெருமை. பெயர் மரகதம். காட்டில் எல்லோரும் அவளைப் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

பெரிய டீச்சருக்குப் பள்ளிதான் உயிர். விடிந்ததும் முதல் ஆளாக வந்து நிற்பாள். முற்றத்தில் கிடக்கும் முள்ளையும் சுள்ளியையும் கொம்பால் அவளே ஒதுக்குவாள். வருகையை அவளே எடுப்பாள். முயல் குட்டிக்கு வயிற்றுவலி என்றால் அவளே போய் வேர் தேடிக் கொண்டுவருவாள். மான் குட்டியின் அப்பா சண்டைக்கு வந்தால் அவளே போய்ப் பேசுவாள். எந்த வகுப்பு எந்த மரத்தடியில் உட்கார வேண்டும் என்பதையும் அவள்தான் சொல்ல வேண்டும்.

"நான் பாத்துக்கறேன், நீங்க வகுப்புக்குப் போங்க!"

ஒரு நாளில் அவள் அதிகம் சொல்லும் வார்த்தை இதுதான்.

அவளிடம் மூன்று ஆசிரியர்கள் வேலை பார்த்தார்கள். மயில் ரங்கநாயகி பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்தாள். காட்டுப்பன்றி மாடசாமி எந்தக் கிழங்கைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். கீரி சரசு, பாம்பு வந்தால் தப்பிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள்.

மயிலும் பன்றியும் பெரிய டீச்சர் சொன்னதற்கு மறுபேச்சுப் பேச மாட்டார்கள். சரசு அப்படி இல்லை.

"பெரிய டீச்சர், ஓட்டப்பந்தயத்தை ஏன் மத்தியான வெயில்ல வைக்கிறோம்? காலையில வைக்கலாமே?"

"இருபது வருஷமா மத்தியானம்தான் வைக்கிறோம்!"

"இருபது வருஷமா ரெண்டு முயலாவது மயங்கி விழுதே!"

மயில் சிறகால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். பெரிய டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சரசு! நீ உன் வகுப்பை மட்டும் பாரு!"

'இந்தக் கீரிக்கு வாய் நீளம்' என்று அவள் மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் மயிலும் பன்றியும் கீரியும் குளத்தின் ஒரு பக்கம் உட்காருவார்கள். பெரிய டீச்சர் எதிர்ப்பக்கம் தனியாக நின்று புல் மேய்வாள். அவள் கிட்டே போனால் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதனால் அவள் போவதில்லை.

ஒரு காலத்தில் இப்படி இருந்ததில்லை.

அப்போது அவள் புதிதாகத் தலைமையாசிரியை ஆகியிருந்தாள். அவளோடு ஒரு நீர்நாய், ஒரு மந்தி, ஒரு முள்ளம்பன்றி என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். நீர்நாய் பொன்னுரங்கம் குளத்திலிருந்து அல்லித் தண்டு பறித்துவருவார். மந்தி சிட்டம்மா நாவற்பழத்தை உலுக்கிக் கொட்டுவாள். முள்ளம்பன்றி வேலாயுதம் கிழங்கு தோண்டிவருவார். நால்வரும் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் இலையிலிருந்து ஒருவர் எடுத்துத் தின்பார்கள். சிட்டம்மா எல்லோரையும் போல நடித்துக் காட்டுவாள். பெரிய டீச்சர் கனைப்பதைக்கூட நடித்துக் காட்டுவாள். சிரித்துச் சிரித்துப் பொன்னுரங்கத்துக்குப் புரையேறும்.

ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் பெருமழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. மூவரும் ஓடிவந்து பெரிய டீச்சரின் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொண்டார்கள். வேலாயுதத்தின் முள் அவள் வயிற்றில் குத்தியது. "ஐயோ, வெளியே போங்க வேலாயுதம்!" என்று அவள் கத்த, "நனைஞ்சா எனக்குச் சளி பிடிக்கும் டீச்சர்!" என்று அவர் கெஞ்ச, மழை விடும்வரை ஒரே கூத்து.

பிறகு அந்த மூன்று பேரும் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஏன் போனார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. அந்த நாட்களை நினைத்தால் மட்டும் அவளுக்குப் புல் தொண்டையில் இறங்காது.

அப்படியிருக்கையில் ஒரு நாள் கல்வி அதிகாரியான யானையிடமிருந்து செய்தி வந்தது. காட்டின் தலைமையாசிரியர்கள் எல்லோரும் வட்டப்பாறைக்குக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று மைனா வந்து சொல்லிவிட்டுப் போனது.

பெரிய டீச்சர் பாறை ஏறிப் போனாள். அங்கே ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பொன்னுரங்கம்! சிட்டம்மா! வேலாயுதம்!

"டீச்சர்!" என்று கத்திக்கொண்டே சிட்டம்மா அவள் கொம்பைப் பிடித்துத் தொங்கினாள். "எவ்வளவு நாளாச்சு! இளைச்சுப் போயிட்டீங்களே!"

"நீங்க மூணு பேரும் இங்க எப்படி?" என்று கேட்டாள் பெரிய டீச்சர்.

"எனக்கு அருவிப் பள்ளி. சிட்டம்மாவுக்கு மூங்கில் மேட்டுப் பள்ளி. வேலாயுதத்துக்குக் கரட்டுப் பள்ளி. நாங்க மூணு பேருமே இப்ப தலைமையாசிரியர்தான்!" என்றார் பொன்னுரங்கம்.

பெரிய டீச்சருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. நெஞ்சில் என்னவோ நெருடியது போலவும் இருந்தது.

கூட்டம் தொடங்கியது. யானை தும்பிக்கையை உயர்த்திப் பேசியது.

"ஒவ்வொரு பள்ளியும் தனக்கு அடுத்த தலைமையாசிரியர் யாருன்னு வர்ற கோடைக்குள்ள சொல்லணும். சொல்ல ஆள் இல்லாத பள்ளியை ஆத்துக்கு அக்கரையில இருக்கற பள்ளியோட சேத்துடுவோம்!"

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டது. பொன்னுரங்கம் ஒரு பெயர் சொன்னார். சிட்டம்மா இரண்டு பெயர் சொன்னாள். வேலாயுதம், "மூணு பேர் தயாரா இருக்காங்க. யாருன்னு அவங்களே பேசி முடிவு பண்ணட்டும்னு விட்டிருக்கேன்" என்றார்.

"மரகதம் டீச்சர், வர்ற கோடையோட உங்களுக்கு ஓய்வு. உங்களுக்கு அடுத்து யாரு?"

பெரிய டீச்சர் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"யாரும் இல்லைங்க ஐயா. என் பள்ளியில அந்தத் தகுதி ஒருத்தருக்கும் இல்லை. இந்த வருஷம் மட்டும் இல்லை, என்னைக்குமே இருந்ததில்லை!"

யானை காதை ஒருமுறை அசைத்தது.

"என்னைக்குமே இருந்ததில்லையா? இங்க இருக்கற மூணு பேரும் உங்க பள்ளியில வேலை பாத்தவங்கதானே!"

பெரிய டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட்டம் முடிந்தது. மூவரும் அவளைச் சுற்றி வந்து நின்றார்கள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அக்கரைப் பள்ளியோட சேத்துட்டா முயல் குட்டியும் எலிக் குஞ்சும் தினம் ஆத்தைத் தாண்டணும். வெள்ளம் வந்தா என்ன ஆகும்? உங்கள்ல யாராவது ஒருத்தர் திரும்பி வாங்களேன்!"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் பிள்ளைங்களை விட்டுட்டு எப்படி டீச்சர் வருவேன்?" என்றார் பொன்னுரங்கம்.

"அப்படின்னா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாம எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்! நீங்க ஏன் போனீங்க?"

சிட்டம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நீங்க காய்ச்சல்ல படுத்தப்ப ஆண்டு விழாவை நான் ஏற்பாடு பண்ணினேன். ஞாபகம் இருக்கா? விழா அன்னைக்குக் காலையில எழுந்து வந்தீங்க. யார் எங்க உக்காரணும்னு நான் போட்டு வெச்சிருந்த இடத்தையெல்லாம் மாத்திப் போட்டீங்க. ஒரு வார்த்தை கேக்கல."

"உனக்குச் சிரமம் வேண்டாம்னுதான்..."

"எனக்கு அந்தச் சிரமம் வேணும்னு இருந்தது டீச்சர்."

பொன்னுரங்கம் மீசையைத் தடவிக்கொண்டார். "சின்னக் குட்டிகளுக்கு நீச்சலை ஓடையில ஆரம்பிக்கலாம்னு நான் மூணு வருஷம் சொல்லிப் பாத்தேன். நீங்க குளத்துலதான்னு சொல்லிட்டீங்க. இப்ப அருவிப் பள்ளியில ஓடையிலதான் சொல்லிக்கொடுக்கறேன். நல்லா வருது."

அந்த மூன்று வருஷமும் சாப்பாட்டு நேரத்தில் அவர் தந்த அல்லித் தண்டைத் தின்றோமே, அவர் சொன்னதை ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டோமா என்று பெரிய டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

வேலாயுதத்தின் பள்ளிக்கும் அதே வழிதான். இருவரும் சேர்ந்து நடந்தார்கள்.

"நீங்க உங்களை மாதிரியே ஒருத்தரைத் தேடறீங்க டீச்சர். அதான் கிடைக்கல" என்றார் வேலாயுதம்.

"வேற எப்படித் தேடறது?"

"ரொம்ப சுலபம். அடிபட்ட குட்டி யார்கிட்ட ஓடுதுன்னு பாருங்க. ஒரு ஆசிரியர் வரலைன்னா, அந்த வகுப்பை யாரும் சொல்லாமலே யார் பாத்துக்கறாங்கன்னு பாருங்க. உங்ககிட்ட யார் அதிகமா 'ஏன்'னு கேக்கறாங்கன்னும் பாருங்க."

"அப்படிக் கேக்கற ஒருத்தி இருக்கா. தலைவலிதான்!"

வேலாயுதம் முள்ளைச் சிலிர்த்துச் சிரித்தார். "நான்கூட உங்களுக்குத் தலைவலியாத்தானே இருந்தேன்!"

பிரியும் இடம் வந்தது. "போயிட்டு வரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர் கரட்டுப் பாதையில் திரும்பினார். அவர் மறையும்வரை பெரிய டீச்சர் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளியில் ஓர் அதிசயம் நடந்தது. பெரிய டீச்சர் யாரையும் எந்த வேலையும் ஏவவில்லை. ஒரு மரத்தடியில் படுத்து அசைபோட்டபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து நாள் பார்த்தாள்.

முள் தைத்த மான் குட்டி நொண்டிக்கொண்டே சரசுவிடம் போனது. பன்றி மாடசாமிக்கு உடம்பு சரியில்லாத அன்று, சரசு தன் வகுப்பையும் அவர் வகுப்பையும் ஒரே மரத்தடியில் உட்கார வைத்தாள். புதிய பாட்டை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மயில் தவித்தபோது, "பெரிய பிள்ளைங்களை விட்டுச் சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லு ரங்கா" என்றாள் சரசு. மயில் அப்படியே செய்தாள். பாட்டு இரண்டே நாளில் எல்லோருக்கும் வந்துவிட்டது.

'இதெல்லாம் இத்தனை நாளா என் கண்ணுல படலையே!' என்று பெரிய டீச்சர் வெட்கப்பட்டாள். சரசுவைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

சரசு வாலைக் கீழே போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னை வேலையை விட்டு அனுப்பப் போறீங்களா பெரிய டீச்சர்? அந்த ஓட்டப்பந்தயப் பேச்சுக்காகவா?"

"அனுப்பறதா! இன்னும் நாலு நாள்ல மழை ஆரம்பிச்சுடும். பிள்ளைங்களையெல்லாம் மேட்டுக் குகைக்குக் கூட்டிட்டுப் போகணும். இந்த வருஷம் அதை நீ நடத்து."

சரசுவின் கண் விரிந்தது. குளத்தங்கரையிலிருந்து மேட்டுக் குகைக்கு இடம் மாறுவதுதான் பள்ளியின் பெரிய வேலை. பெரிய டீச்சர் அதை யார் கையிலும் விட்டதே இல்லை.

"நடுவுல வந்து மாத்த மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா மாட்டேன். போம்மா, வேலையைப் பாரு!"

சொல்லிவிட்டாளே தவிர, அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கிளம்பும் நாளில் சரசு பிள்ளைகளைச் சாப்பிட வைத்துவிட்டுப் புறப்படலாம் என்றாள். 'சாப்பிட்டுப் போனால் குட்டிகளுக்குத் தூக்கம் வருமே' என்று பெரிய டீச்சர் நினைத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். கால் வேகமான மான் குட்டிகளைச் சரசு முன்னால் விட்டாள். 'பின்னால் வருபவர்கள் பிந்திவிடுவார்களே' என்று நினைத்தாள். மறுபடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

அவள் நினைத்தபடியேதான் நடந்தது. மான் குட்டிகள் துள்ளிப் போய்விட்டன. முயல் குட்டிகள் தூங்கி வழிந்தன. மூன்று ஆமைக் குஞ்சுகள் பாதி மேட்டில் நின்றுவிட்டன.

"கால் வலிக்குது பெரிய டீச்சர்!"

"மெதுவா வாங்க கண்ணுங்களா. நான் கூடவே வரேன்."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மேலே குகை வாசலில் சரசு தலை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒருமுறை எண்ணினாள். மறுமுறை எண்ணினாள். "மூணு குறையுது!" என்று அலறினாள். மயிலிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, நாலுகால் பாய்ச்சலில் கீழே ஓடி வந்தாள். பாதி வழியில், பெரிய டீச்சரின் முன்னங்கால்களுக்கு நடுவே ஊர்ந்து வரும் ஆமைக் குஞ்சுகளைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"இவங்க பிந்துவாங்கன்னு தெரிஞ்சும் ஏன் பெரிய டீச்சர் சொல்லல?"

"இவங்களுக்கு ஆபத்து வந்தா உடனே சத்தம் போட்டிருப்பேன். ஆபத்து இல்லை. நான் கூடவே இருந்தேன். குகைக்குப் போனதும் நீ தலை எண்ணுவேன்னு நினைச்சேன். எண்ணினே. தேடிட்டு வருவேன்னு நினைச்சேன். வந்தே."

"நான் தப்புப் பண்ணிட்டேன்."

"என் முதல் வருஷத்துல நான் ஒரு முயல் குட்டியைக் குளக்கரையிலயே விட்டுட்டுப் போயிட்டேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை."

சரசு நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீரோடு சிரித்தாள். பெரிய டீச்சரும் சிரித்தாள். அந்தப் பள்ளியில் யாரோடாவது சேர்ந்து சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

மழை முடிந்து குளக்கரைக்குத் திரும்பும் நாள் வந்தது. பெரிய டீச்சர் எதுவும் சொல்லவில்லை. சரசு தானாகவே மயிலையும் பன்றியையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "போன தடவை நான் சொதப்பினது உங்களுக்கே தெரியும். இந்தத் தடவை எப்படிப் போகலாம்னு சொல்லுங்க" என்றாள். இதுவரை மறுபேச்சே பேசாத மாடசாமி தொண்டையைச் செருமினார்.

"ஆமைங்களை முன்னால விடுவோமே. அவங்க நடைக்குத்தான் மத்தவங்க நடக்கணும்."

"அருமை! நீங்களே முன்னால போங்க சார்!"

காலையிலேயே கிளம்பினார்கள். ஒரு குட்டிகூடப் பிந்தவில்லை. முன்னால் போன மாடசாமி அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

அதன் பிறகு சாப்பாட்டு வேளையில் பெரிய டீச்சர் குளத்தைச் சுற்றிக்கொண்டு அவர்கள் பக்கம் போனாள். "நானும் உக்காரலாமா?" என்று கேட்டாள். மயில் சட்டென்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கோடை வந்தது. யானை வந்தது. பெரிய டீச்சர் சரசுவின் பெயரைச் சொன்னாள். "நல்லாக் கேள்வி கேப்பாங்க. நீங்களும் தயாரா இருங்க ஐயா" என்றும் சொன்னாள். பள்ளி அக்கரைக்குப் போகவில்லை.

ஓய்வு பெற்ற மறுநாள் பெரிய டீச்சர் புல்வெளிக்குப் போகலாம் என்றுதான் கிளம்பினாள். கால் பழக்கத்தில் பள்ளிக்கே கொண்டுவந்து விட்டது. மூங்கில் புதருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்கவில்லை. வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வருகையை ஒரு முயல் குட்டி எடுத்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அவள் நின்ற இடத்தில் யாருமே நிற்கவில்லை. நமக்கு இங்கே என்ன வேலை என்று திரும்பினாள்.

"பெரிய டீச்சர்!"

சரசு மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"நல்ல வேளை வந்தீங்க! ரங்காவுக்கு இறகு உதிர்ற காலம், இன்னைக்கு லீவு. அவ வகுப்புக்கு ஆள் இல்லை. நீங்க எடுக்கறீங்களா?"

"பாட்டு வகுப்பா? எனக்குப் பாடத் தெரியாதே!"

"பிள்ளைங்களுக்குத் தெரியும். நீங்க கத்துக்கங்க!"

பெரிய டீச்சர் ஒரு கணம் அவளையே பார்த்தாள்.

"சரிங்க டீச்சர்!" என்றாள்.

மரத்தடியில் அவள் கால் மடித்து உட்கார்ந்தாள். எலிக் குஞ்சுகள் அவள் முதுகில் ஏறிக்கொண்டன. அவள் வாயைத் திறந்து பாட, குளத்துத் தவளைகளெல்லாம் பயந்து தண்ணீரில் குதித்தன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைமையாசிரியை ஆன நாள் முதல் அவள் இத்தனை சந்தோஷமாக ஒரு வகுப்பு எடுத்ததே இல்லை.

உடன் வேலை பார்ப்பவர்களில் வளரக்கூடியவரைக் கண்டுபிடித்து, தவறு செய்யவும் இடம் கொடுத்து, பக்கத்தில் நின்று வளர்த்துவிடுபவரே நல்ல தலைவர்.